வீட்டுக்குப் போகும் தாள்

செப்டம்பர் 9

நர்சிங் மூன்றாம் ஆண்டுக்காரிக்கு, சொல்லாட்சியும் தொழில்முறை எழுத்தும் துணைப்பாடமாக எதற்கு? அப்பா போனில் அதையேதான் கேட்டார். "ஊசி போடத் தெரிஞ்சா போதாதா, கொரின்? மெமோ எழுதிக்கிட்டு நிக்கப் போறியா?"

போனை வைத்ததும் பாட அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பாடத்தைக் கைவிடலாம்.

செப்டம்பர் 11

நான் பயிற்சிக்குப் போகும் இதய வார்டில் மிஸ்டர் லுண்டீன் மறுபடியும். பெரிய ஏரிகளில் ஓடும் சரக்குக் கப்பல்களில் முப்பது வருடம் சமைத்தவர். வீட்டுக்கு அனுப்பி ஒன்பதே நாள். இரண்டு காலும் வீங்கி, மூச்சு இரைக்க வந்திருக்கிறார்.

"தண்ணியை அளந்துதான் குடிச்சேன், பொண்ணே. சூப்பு, பால், காபி எல்லாம் சாப்பாட்டுல சேர்த்திதானே?"

நாங்கள் கொடுத்தனுப்பிய தாளை எடுத்துப் பார்த்தேன். 'திரவ உட்கொள்ளல் கட்டுப்படுத்தப்பட வேண்டும்.'

போன முறை அதை அவருக்கு வாசித்துக் காட்டியது நான்.

செப்டம்பர் 12, வெள்ளி

கைவிடவில்லை. அந்தத் தாளின், நோயாளி பெயரில்லாத பிரதி ஒன்றை எழுத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். பக்கத்து இருக்கை டெஸ் கணக்கியல் படிப்பவள். வாய் சும்மா இருக்காது.

"இது நோயாளிக்கா? நாளைக்கு யாராவது கேஸ் போட்டா காட்டறதுக்கு எழுதி வச்சிருக்காங்கடி!"

சுருக்கென்றது. ஆனால் மதியம் முழுக்க என்னோடு உட்கார்ந்து மாற்றி எழுதியதும் அவள்தான்.

செப்டம்பர் 15

புதுத் தாளையும் ஒரு பென்சிலையும் லுண்டீனிடம் கொடுத்தேன். புரியாத இடத்தில் கோடு போடச் சொன்னேன்.

ஏழு கோடு. ஏழு!

"போன தடவையே புரியலன்னு சொல்லியிருக்கலாமே?"

"நீ அவ்வளவு அக்கறையா வாசிச்சே. உன் மனசு நோக வேண்டாமேன்னு தலையாட்டிட்டேன்."

என் முகம் வாடக் கூடாதென்று மூச்சுத் திணறிக் கிடந்திருக்கிறார் — என்ன மனுஷன் இவரு! நான் ஏன் கவனிக்கல? தலையாட்டினா புரிஞ்சிடுச்சுன்னு எனக்கு யாரு சொன்னா?

செப்டம்பர் 17

நாலாவது தடவை திருத்திய தாளைத் தலைமை நர்ஸ் பொனீட்டா பார்த்தார். "யாருக்கு இது, மூணாம் வகுப்புப் பிள்ளைக்கா?"

படுக்கையிலிருந்து லுண்டீன்: "எனக்கு! ரெண்டு நாளா நானும் இதுல உழைச்சிருக்கேன், பொனீட்டா. பார்த்துப் பேசு."

பொனீட்டா சிரித்துவிட்டார். இப்படிப்பட்ட தாள்களுக்கு ஒப்புதல் தரும் ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கு அனுப்புகிறாராம்.

செப்டம்பர் 19

லுண்டீன் வீட்டுக்குப் போனார். இந்த முறை நான் வாசிக்கவில்லை. தாளில் இருப்பதை அவரே தன் வார்த்தையில் எனக்கு விளக்கினார்.

அக்டோபர் 30

கமிட்டி இரண்டு வரி மாற்றி ஒப்புக்கொண்டது. லுண்டீன் இன்னும் திரும்பி வரவில்லை. எங்கள் வார்டில் ஒருவர் வராமலிருப்பதுதான் நல்ல சேதி. டெஸ்ஸுக்கு ஒரு பெரிய பீட்சா வாங்கிக் கொடுத்தேன். பாதிதான் எனக்கு விட்டாள். நன்றாயிருக்கட்டும் அவள்.

நவம்பர் 20

வயதான பெண்மணி ஒருவர் கணவரைக் கூட்டிப்போக வந்தார். புதுத் தாளை வாசிக்கத் தொடங்கினேன். கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இரும்மா, நானே படிச்சிக்கறேன்."

படித்தார். கணவர் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கிட்டியா, விர்ஜில்? தினம் காலையில எடை பார்க்கணும். ஒரே நாள்ல மூணு பவுண்டு ஏறினா இவங்களுக்குப் போன் பண்ணணும். எடை மெஷின்ல நிக்கும்போது ஒரு காலைத் தரையில ஊனி என்னை ஏமாத்தப் பார்க்காதே."

நான் அங்கே நிற்க வேண்டிய தேவையே இல்லை. இருந்தும் கொஞ்ச நேரம் நின்றேன்.