பிலோமினா அக்காவின் படிவத்தில் நான் போட்ட சரி

ஆகஸ்ட் 3, சனி

புழுக்கம். யன்னல் எல்லாம் திறந்தும் காற்றில்லை. வங்கியிலிருந்து கடிதம். இரண்டு மாதமாகப் பார்த்திருந்தது.

கடனட்டையோடு சேர்த்து விற்ற காப்புறுதி, பி.பி.ஐ. வேலை போனால், நோயில் விழுந்தால், அட்டைக் கடனை அவர்கள் கட்டுவார்களாம். எனக்கு அதைத் தவறாக விற்றதாக ஒப்புக்கொள்கிறார்கள். மன்னிப்பும் கேட்கிறார்கள். மாதாமாதம் கழித்தது, வட்டியோடு, இரண்டாயிரத்துச் சொச்சம் பவுண். நெஞ்சு குளிர்ந்தது. பக்கத்தைத் திருப்பினால், அவ்வளவும் அதே அட்டையில் நிற்கும் கடனில் கழிக்கப்பட்டுவிட்டது. கைக்கு ஒன்றுமில்லை. மிச்சக் கடன் இன்னும் மூவாயிரத்துக்கு மேல்.

இவரிடம் காட்டினேன். பஸ் ஓட்டப் போகிற அவசரத்தில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டே, "அப்ப அவங்கட காசை அவங்களே எடுத்துப் போட்டாங்கள். உமக்குக் கடுதாசி மிச்சம்" என்றார். சிரித்தார். நானும்.

சமையலறைக் கூரை ஒழுக்கு இந்த வருடமும் அப்படியே.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தேவாலயத்தில் தமிழ்ப் பூசை. பிறகு மண்டபத்தில் தேநீர், றோல்ஸ். பின்வரிசையில் இரண்டு பேர்:

"29ஆம் திகதியோட பி.பி.ஐ. கதை முடியுதாம் மச்சான். பிறகு ஒருத்தரும் காசைத் திருப்பிக் கேட்க ஏலாது."

"காசு எடுத்துத் தாறம் எண்டு எனக்கு ஒரு நாளைக்கு நாலு தரம் கோல் அடிக்கிறாங்கள். அவன் என்ர பேரை முழுசாச் சொல்லி முடிக்க முன்னம் திகதி போயிடும்."

பிலோமினா அக்கா வழமைபோலக் கடைப் பையோடு வந்தார். நான் யாழ்ப்பாணத்தில் பட்டம் எடுத்தவள் என்பதால், பதினைந்து வருடமாக ஞாயிறுகளில் மற்றவர்களின் கடிதங்கள் என் மடியில்தான். கவுன்சில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, எல்லாம்.

"பிள்ளை, உந்தக் காட்காரன் என்னவோ எழுதியிருக்கிறான். எனக்குக் கண்ணும் தெரியேல்லை, இங்கிலீசும் தெரியேல்லை. ரெண்டில ஒண்டையாவது ஆண்டவர் தந்திருக்கலாம்."

அவருடைய கடனட்டையின் மாதக் கணக்குத்தான். நடுவில் ஒரு வரி. என் கடிதத்தில் இருந்த அதே காப்புறுதி. இன்னும் கழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஒண்டுமில்லை அக்கா. வழமையான கணக்கு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வேலையில் தலையிடி. இரண்டு பனடோல்.

ஏன் என்று தெரியும். அக்காவின் படிவத்தில் அந்தக் காப்புறுதிக்குச் சரி அடையாளம் போட்டது நான். வருடங்களுக்கு முன்பு, அதே மண்டபத்தில், அதே மேசையில், என் கடனட்டைப் படிவத்தையும் அக்காவின் படிவத்தையும் ஒரே நாளில் நிரப்பினேன். அகதி விண்ணப்பக் காலத்தில் லோயர் தலைக்குள் அடித்து ஏற்றியது: ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாதே, திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பயம் பிறகு எந்தப் படிவத்திலும் என்னை விடவில்லை. 'பாதுகாப்பு வேண்டுமா?' என்றிருந்த கட்டத்தில் சரி. அக்காவுக்கும் சரி. உதென்ன என்று கேட்டார். "நல்லதுதான் அக்கா, இருக்கட்டும்" என்றேன். வாசிக்கவில்லை.

எனக்கு யாரும் விளக்கவில்லை என்று வங்கிக்கு எழுதினேன். பொய்யில்லை. அக்காவுக்கு விளக்காதது யார்?

அதைவிட மோசம் ஒன்று. பிறகொரு தடவை அக்கா பஸ் படியில் விழுந்து கை முறிந்து நாலு மாதம் வேலையில்லாமல் இருந்தார். அட்டைக்குக் கட்டச் சங்கிலியை அடகு வைத்தார். மீட்கவேயில்லை. அடகுக் கடைக்குத் துணைக்குப் போனவள் நான். காப்புறுதி என்ற ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்கு நினைவே வரவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

மழை. வாளி வைத்தாயிற்று.

வாங்க: பால், வெங்காயம், இவருடைய பிறஷர் மாத்திரை.
செய்ய: அக்காவுக்குச் சொல்வது.

போன் எடுத்தேன். கால் வலி பற்றிக் கேட்டேன். தோர்ண்டன் ஹீத் கடையில் வெண்டிக்காய் விற்கும் விலையைப் பற்றிக் கால் மணித்தியாலம். வைத்துவிட்டேன்.

இவர் சொல்கிறார்: "நீர் ஏன் உதைக் கிளறுறீர்? பாங்க்காரன் தலையில கட்டினவன் எண்டு எழுதி ஃபோமை நிரப்பிக் குடும். அவவுக்குக் காசு வரும். முடிஞ்சுது."

முடியும்தான். காசு வரும். ஞாயிறு பூசைக்குப் பிறகு எல்லோர் முன்னாலும் எனக்கு நன்றி சொல்வார். அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அக்கா பூசைக்கு வரவில்லை. கால். நோர்பரியில் அவர் வீட்டுக்கே போனேன். காசைத் திருப்பிக் கேட்கும் படிவத்தை நேற்றே நிரப்பி வைத்திருந்தேன். அவர் கையெழுத்து மட்டும் பாக்கி.

கதிரையில் இருக்க முன்னமே சொன்னேன். ஒரே மூச்சில். சரி போட்டது நான். கை முறிந்தபோது நினைவில்லாமல் இருந்ததும் நான்.

அக்கா கோப்பை கழுவிக்கொண்டு நின்றார். திரும்பவில்லை.

"அப்ப என்ர சங்கிலி?"

"அந்தக் காப்புறுதி உங்களுக்குத் தந்திராது அக்கா. அப்ப நீங்கள் கைக்காசுக்குத் துப்புரவு வேலை செய்தனீங்கள், வேலைக் கடிதம் இல்லை. உங்களுக்கு அதை வித்ததே பிழை. அதாலதான் இப்ப திருப்பிக் கேட்கலாம்."

"தராட்டிலும் கேட்டுப் பாத்திருப்பன். கேட்கிறதுக்கும் நீ விடேல்லை."

கழுவிய கோப்பையைத் தட்டில் கவிழ்த்தார்.

"படிச்ச பிள்ளையெண்டுதானே பாக்காமல் கையெழுத்து வைச்சனான். கொஞ்சமாப் படிச்சிருந்தா நீயும் வாசிச்சிருப்பாய். கனக்கப் படிச்சிட்டாய்."

தண்ணீரை நிறுத்தினார். தேத்தண்ணி ஊற்றி என் முன்னால் வைத்தார். சீனி போடவில்லை. கேட்கவும் இல்லை.

படிவத்தை எடுத்து, கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டிப் பேனையை நீட்டினேன். தள்ளிவிட்டார்.

"முதல் வாசி. ஒண்டும் விடாமல். தமிழில."

எட்டுப் பக்கம். பெயர், முகவரி, எந்த வருடம், என்ன வேலை. ஒவ்வொரு கட்டமாக வாசித்துச் சொன்னேன். தேநீர் ஆறிப்போயிற்று. ஐந்தாம் பக்கம்: அட்டைக்கு விண்ணப்பித்தபோது படிவத்தை நிரப்பியது யார், காப்புறுதியை எடுக்கச் சொன்னது யார்.

"அதுக்கு என்ன எழுதியிருக்கிறாய்?"

"என்ர பேர்."

அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு அந்த வரியில் விரலை வைத்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாத என் பெயரின் மேல்.

"ம். மிச்சத்தை வாசி."