ஆயில் மேல் போட்ட கோலம்

ஏங்க,

பட்டாபிராம்ல அக்கா வீடு வரைக்கும் போறேன். ஆறு மணி வண்டிக்கு வந்துடுவேன். ரசத்தைச் சூடு பண்ணிக்குங்க.

புல்லட்டுக்கு ஃபில்டர் மாத்தும்போது அடியில பழைய தட்டு வைங்கன்னு நேத்தே சொன்னேன். ஃபேக்டரியில இன்ஜின் பிரிக்கிறவனுக்கே பாடமான்னு கோவிச்சுக்கிட்டீங்க. இப்போ வாசல்ல சொட்டின ஆயிலை மறைக்க, அது மேலயே கோலம் போட்டுட்டு டியூட்டிக்குப் போயிட்டீங்க.

மாடிப்படிக்கு அடியில மரத்தூள் இருக்கு. அதைத் தூவி, ஆயிலை இழுத்ததும் பெருக்கிட்டு, சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சிடுங்க.

ஞானம்

இன்னொண்ணு. கோலத்தைப் பார்த்துட்டு, யார் போட்டதுன்னு எதிர்வீட்டுத் தாயம்மா சிரிச்சாங்க. உங்களைக் காட்டிக்கொடுக்க மனசு வரல. நான்தான்னு சொல்லிட்டேன். பன்னெண்டு வருஷமா இந்தத் தெருவுல கோலம் போட்டு நான் எடுத்த பேரு, இன்னியோட போச்சு.