மூன்றாம் காட்சி அழுகை

12.6.1988, ஞாயிறு

தூறல். கிணற்று மோட்டார் மறுபடியும் பழுது.

பத்து மணி சுமாருக்குக் கஜபதி வந்து இறங்கினார். தோல்பெட்டி ஒன்று, சுருட்டிய ஜமக்காளம் ஒன்று. கோவில்பதாகை ஊர் முழுக்க எங்கள் வாசலில். "இன்னா மச்சான், இளைச்சிட்டியே" என்றார். மருமகள் சாமுண்டீஸ்வரி ஓடிப்போய்க் காலில் விழுந்தாள். கல்யாணத்தன்று என் காலில் விழுந்ததோடு சரி.

மேடையில் நின்றால் சபா அதிரும், படத்தில் வந்தால் திரை கிழியும் என்று இவரைப்பற்றி எழுதினார்கள். குடித்துவிட்டுப் படப்பிடிப்புக்குப் போனார். தயாரிப்பாளரை எல்லோர் எதிரிலும் அறைந்தார். அதன்பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. கோடம்பாக்கத்து வீடும் போயிற்று. இப்போது செத்துப்போன மனைவியின் அண்ணன் நினைவுக்கு வந்திருக்கிறான். "ஒரு மாசம்தான்" என்கிறார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. எப்போது வந்திருக்கிறது?

15.6.1988

முன்னறை போயிற்று. என் சாய்வு நாற்காலியும்.

26.6.1988

நான் பேசினால் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். வேண்டுமென்றேதான். என் வீட்டுச் சோறு, என் நாற்காலி, என் பேச்சு மட்டும் கசக்கிறது.

இவருக்கு வசனம் எப்போது மனப்பாடமாகியிருக்கிறது? பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் ஓடி, மேடைப் பக்கத்தட்டிக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு வரிக்கும் முதல் சொல்லை எடுத்துக்கொடுத்தவன் நான். முதல் சொல் கிடைத்தால் போதும், மீதி அவர் வாயில் தீயாய்ப் பற்றும். அதை மறுக்கமாட்டேன். அந்தத் தீ என்னிடம் இல்லை. ஆனால் பாராட்டு விழாவில் "எனக்கு ப்ராம்ப்டர் தேவைப்பட்டதே இல்லை" என்றாரே. முதல் வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன்.

அதையும் விடலாம். என் தங்கை அன்னம்மாள் செத்த அன்று? கடைசி ஒரு வருஷம் எட்டிப்பார்க்காதவர், பத்திரிகைக்காரன் ஒருவனைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். பாடையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஊரே அழுதது. எனக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை. ராஜா நாடகத்தில், மூன்றாம் காட்சியில், செத்த மகன் மேல் விழுந்து அழுவாரே, அதே அழுகை. இரண்டு விம்மல், ஒரு நிறுத்தம், நெற்றியில் புறங்கை, பிறகு ஓலம். நிறுத்தத்தின் அளவுகூட மாறவில்லை. தட்டிக்குப் பின்னால் நின்று அத்தனை முறை பார்த்தவனுக்குத் தெரியாதா?

இதை அவர் முகத்துக்கு நேரே ஒருநாள் சொல்லவேண்டும். சொல்லாமல் நான் சாகக்கூடாது.

3.7.1988

கோயில் திருவிழாக் குழு வேம்புலி வந்தான்.

"அண்ணாத்தே, ஆடி நாலாம் ஞாயிறு நம்ம அம்மன் கோயில்ல உன் ராஜா நாடகம் போட்டே ஆவணும். வெள்ளானூர்லர்ந்துகூட வண்டி கட்டிகினு வருவாங்க."

கஜபதி பிகு செய்துகொண்டார். அப்புறம் என்னிடம், முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "புது டைரக்டர் ஒருத்தன் வயசான அப்பன் வேஷத்துக்கு ஆள் தேடிகினு கீறான். அவனை வரச் சொல்லப்போறேன். இது நின்னா நான் நிப்பேன் மச்சான். இல்லாங்காட்டி இந்த நாற்காலிலயே சாவவேண்டியதுதான்."

என் நாற்காலியில்!

"வசனம் யாரு எடுத்துக் குடுக்கறது?" என்று வேம்புலி கேட்டான்.

"நம்ம வாத்தியாரு கீறாரே."

என்னை யாரும் கேட்கவில்லை. தலையாட்டினேன்.

24.7.1988

முன்னறையில் ஒத்திகை. இடத்தோள் சுவரை ஒட்டினாற்போல் அவர், எதிரே சற்று அவருக்கு வலப்புறமாக நான். முதல் சொல்லைக் கொடுத்ததும் பற்றிக்கொள்கிறது. வெறுக்கிற மனிதனைப் பார்த்து மயிர்க்கூச்செறிவது என்ன கேவலம்.

6.8.1988

நாளை நான் வாயைத் திறக்காவிட்டால்?

இதை எழுதியிருக்கக்கூடாது.

8.8.1988, திங்கள்

நேற்று நாடகம். வரிசையாக எழுதிப்பார்க்கிறேன்.

வழக்கமான இடத்தில்தான் நின்றேன். அவருக்கு இடப்பக்கத் தட்டி. முதல் காட்சி பழக்கத்தில் ஓடிவிட்டது. இரண்டாம் காட்சியில் மந்திரி கேள்வி கேட்டார். ராஜா பதில் சொல்லவேண்டும். "நீதி" என்று எடுத்துக் கொடுத்தேன். நின்றார். மறுபடி "நீதி" என்றேன். நின்றார். கூட்டத்தில் விசில். "இன்னா ராஜா, மேல போற பஸ்ஸுக்கா வெயிட் பண்றே?" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு. கஜபதி தட்டிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். கெஞ்சிய பார்வை. அந்தக் கண்ணில் அதை நான் பார்த்ததே இல்லை.

மூன்றாம் காட்சி அழுகைக்குச் சொல் தேவையில்லை. அழுதார். அதற்கும் சிரித்தார்கள்.

திரை விழுந்ததும், தலையில் கிரீடத்தோடு என் முன் வந்து நின்றார். "பழி தீத்துகினியா வாத்தி? உன் தங்கச்சிக்காக என் சோத்துல மண்ணு போட்டியா?" வேம்புலி, மந்திரி, மிருதங்கக்காரர், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 

கொடுத்தேன். சத்தியமாகக் கொடுத்தேன். ஆனால் உரக்கக் கொடுத்தேனா? முதல் வரிசைக்குக் கேட்டால் அவன் ப்ராம்ப்டரே இல்லை. அது தொழில், அதன்படிதான் கொடுத்தேன். மூன்றாவது முறை சற்று உயர்த்தியிருக்கலாமே? ஏன் உயர்த்தவில்லை? தொழில்தானா? சனிக்கிழமை அப்படி எழுதியவன் நான்தானே — எனக்கே என்னை நம்பமுடியவில்லையே, ஊர் எப்படி நம்பும்?

10.8.1988

சாமுண்டீஸ்வரி காப்பியை ணங்கென்று வைக்கிறாள். "ஒரு வார்த்த மாமா. ஒரே ஒரு வார்த்த எடுத்துக் குடுத்திருந்தா உங்க வாய்ல இருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?"

17.8.1988

பேருந்து நிறுத்தத்துக்கு அவர் முன்னால் போனார், நான் பின்னால். இருவரும் பேசிக்கொள்வதில்லை. இடப்பக்கச் சந்திலிருந்து லாரி வந்தது, காதைப் பிளக்கும் ஹாரனோடு. மனிதர் திரும்பவே இல்லை. சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் சாக்கடை ஓரம் விழுந்தோம்.

நான் அவர் இடது காதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"சண்டைக் காட்சில வெடி கிட்டக்க வெடிச்சிடுச்சு" என்றார். "இந்தப் பக்கம் ஒண்ணுமே கேக்காது. யார்கிட்டயும் சொல்லிடாதே மச்சான். செவிடன்னு தெரிஞ்சா எவன் கூப்பிடுவான்?"

முகத்தைத் திருப்பியதெல்லாம் நல்ல காதைக் காட்டத்தான். அப்படியானால் அன்றைக்கு நான் கொடுத்தது—

"அப்புறம் ஊர்முன்னால என்னை ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வேற யாரைச் சொல்றது?" என்றார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தார். மன்னிப்புக் கிடையாது.

20.8.1988

அன்று நாடகம் பார்த்துவிட்டுப்போன டைரக்டர் வந்தார். சின்ன வயது, மரியாதையான பையன். கஜபதி சவரம் செய்துகொள்ளப் போயிருந்தார். கூடத்தில் சாமுண்டீஸ்வரியும் வேம்புலியும் இருந்தார்கள்.

"தப்பா நினைக்காதீங்க சார். அவருக்கு ஞாபகம் போயிடுச்சா? இல்ல காது கேக்கலையா? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும்."

ஒரு வார்த்தையில் என் பெயர் சுத்தமாகியிருக்கும். வாய்வரைக்கும் வந்தது.

"நான்தான் குரல் கொடுக்கவில்லை" என்றேன். "பழைய பகை."

வேம்புலி எழுந்துவிட்டான். "த்தூ! அம்மன் மேடைல நின்னுகினு துரோகம் பண்ணியா? நீயெல்லாம் ஒரு வாத்தியாரு!" சாமுண்டீஸ்வரி உள்ளே போனாள். டைரக்டர் முகத்தில் நிம்மதி.

ஏன் சொன்னேன்? இரக்கமா? இல்லை. வேஷம் கிடைக்காவிட்டால் கடைசிவரை என் முன்னறையில்தான் கிடப்பார். ஆளை வெளியே அனுப்பத்தான் சொன்னேன். அப்படித்தான் இருக்கவேண்டும்.

2.9.1988

வேஷம் கிடைத்துவிட்டது, போய்விட்டார். நாற்காலி திரும்பக் கிடைத்தது. நடுவில் குழிந்திருக்கிறது.

14.8.1989

வருஷம் ஒன்றாகியும், ஆடிக்கூழ் ஊற்றும் இடத்தில் வேம்புலி விடவில்லை. "வாத்தியாரே, கூழு வோணும்னா வாயத் தொறந்து கேளு. உனக்குத்தான் வாயே வராதே!" எல்லோரும் சிரித்தார்கள். சொம்போடு திரும்பிவிட்டேன்.

19.11.1989

ஆவடியில் கஜபதியின் படம் பார்த்தேன். சாமுண்டீஸ்வரிக்குத் தெரியாமல் போனேன். யாராவது பேசினால் அந்த அப்பன் தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பி, வலப்பக்கமாகக் கேட்கிறான். பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தலைசாய்ப்பு ஒண்ணுக்கே காசு குடுக்கலாம்யா" என்றார். பத்திரிகைகளும் அதைத்தான் புகழ்கின்றன. பெருந்துயரத்தின் சாயலாம்.

பேட்டியும் வந்திருக்கிறது. "என்னை அழிக்க நினைத்த ஒரு ப்ராம்ப்டருக்கு நன்றி. அவரால்தான் சொந்தக் காலில் நிற்கக் கற்றேன்." அயோக்கியன்.

21.1.1990, ஞாயிறு

காரில் வந்தார். மாலை, கூட்டம், வேம்புலி மேளமே வைத்துவிட்டான். கேட்காமலே என் நாற்காலியில் உட்கார்ந்தார். கூட்டம் கலைந்து, சாமுண்டீஸ்வரி பலகாரம் எடுக்கப் போனபோது நாங்கள் இருவர் மட்டும்.

அவருடைய இடப்பக்கம் ஸ்டூல் இருந்தது. அதில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். சொன்ன மாதிரியும் ஆகும், கேட்காத மாதிரியும் ஆகும். எனக்கு ஏற்ற வழி. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய் வலப்பக்கம் போட்டேன்.

"அன்னம்மாள் செத்த அன்று நீர் அழுதது மூன்றாம் காட்சி அழுகை" என்றேன். முதல் வரிசைக்குக் கேட்கும் குரலில்.

தலையைச் சாய்த்தபடியே இருந்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம்.

"எனக்கு வேற அழுகை தெரியாது மச்சான்" என்றார்.

பலகாரம் வந்தது. சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன்.