செத்த கிளப்புக்கு நூறு வயது

கூர், சுவிஸ், ஞாயிறு

அன்புள்ள யதுஷாவுக்கு,

நீரும் மகளும் அம்மாவும் நலமென்று நினைத்தே எழுதத் தொடங்குகிறேன். நானும் சுகம். இடது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. வீடியோவில் கண்டால் பயப்படுவீர் என்றுதான் கடிதம். சுடு சூப் கொட்டியது, புண் ஆறிவருகிறது.

எங்கள் ஹோட்டல் சமையல்காரர் மனுவேலும் இயாகோவும் ஸ்பெயினில் ஒரே ஊர். அங்கே மீன்பிடிகாரர் நூறு வருடத்துக்கு முன் தொடங்கிய ஃபுட்போல் கிளப், நடத்த வழியில்லாமல் மூடப்பட்டதாம். பிறகு ஊர்ச்சனம் அதே பெயரில் புதிதாகத் தொடங்கி, கடைசிப் பிரிவில் விளையாடுகிறார்கள். இப்போது நூற்றாண்டு விழா.

"செத்த கிளப்புக்கு என்ன விழா?" என்றான் மனுவேல்.

"நாங்கள் திரும்பத் தொடங்கேக்க நீ இஞ்ச இருந்தாய். அதாலதான் உனக்கு அது செத்துப்போச்சு," என்றான் இயாகோ.

மனுவேல் அவனைத் தள்ளினான். விலக்கப் போன என்மேல் அடுப்பிலிருந்த சூப் பானை சரிந்தது.

மனுவேல்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். இயாகோ சொன்னது எனக்கும் சொன்னதுபோல இருந்தது.

மகளின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பும். நேற்று சப்பாத்துக் கடையில் கனநேரம் நின்றேன், எந்த அளவு எடுப்பதென்று தெரியவில்லை. பஸ் வருகிறது, நிறுத்துகிறேன்.

உமது,
துஷாந்தன்