களிக்குப் பல் எதற்கு, மச்சான்?

நான் வாயைத் திறந்ததுமே சிரிக்கத் தொடங்கிவிடும் மச்சான் கோவிந்தனுக்கு,

பவித்ராவைப் பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில், வாயில் போட்ட காராச்சேவைக் கைக்குட்டையில் துப்பினேன். அதுவும் அவர்களே சாத்தூரிலிருந்து வாங்கிவந்த சேவு. மாப்பிள்ளையின் அப்பா பார்த்துவிட்டார். அவர்கள் கிளம்பும்வரை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன். பேசவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

உனக்கு இதெல்லாம் தெரியாதே. நீ போன மறு வருஷம் கம்பெனியில் பார்சல் நாடாவைப் பல்லால் கடித்து இழுத்தேன். நாடா வந்தது, முன்பல் இரண்டும் கூடவே வந்தன. கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது. நீ இருந்திருந்தால் ஷிப்ட் பஸ்ஸில் வாரக்கணக்கில் இந்தக் கதைதான் ஓடியிருக்கும், இல்லையா?

வீட்டில் பொக்கை வாயோடு சிரிக்கத் தயக்கமில்லை. சம்மந்தி முன்னால் வெட்கம் வந்துவிட்டது. ஆனால் அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். 'பெண்ணோட அப்பாவுக்கு இஷ்டமில்லை போல, வேற இடம் பாக்கலாமா' என்று தரகரிடம் கேட்டிருக்கிறார்கள். பவித்ராவுக்கோ அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது.

"ஏம்பா, நீ சிரிக்காததால என் கல்யாணம் நின்னுடும் போலருக்கே."

"பல்லுக்கு வெக்கப்பட்டுட்டேம்மா."

"அப்ப பல்லு கட்டு. இல்லன்னா நானே போன் பண்ணி, எங்கப்பாவுக்குப் பல்லு இல்லைங்கன்னு சொல்லிடறேன்."

சொல்லக்கூடியவள்தான், உன் மருமகள் ஆயிற்றே. சீக்கிரமே நாங்கள் நேரில் வருகிறோம் என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, ஓசூரில் பல் டாக்டரிடம் போனேன். அந்தம்மா முதலில் கன்னடத்தில் வாயைத் திறக்கச் சொன்னார். நான் திறந்ததும் தமிழுக்கு மாறிவிட்டார்.

"கடைவாய்ப் பல்லு பாதி இல்லையே. எதை வெச்சு சாப்பிட்டீங்க இத்தனை நாளு?"

"களிங்க டாக்டர். அதை மென்னா எங்க சாமல்பட்டிப் பக்கம் சிரிப்பாங்க. உருட்டி, கொழம்புல தொட்டு முழுங்கணும்."

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பின்னால் பல் போனது களியால் எனக்கு உறைக்கவே இல்லையாம். களி தவிர மற்ற எல்லாவற்றையும் முன்பல்லே கடித்துக் கடித்து ஆட்டம் கண்டுவிட்டதாம். நாடா மேல் பழி போட்டது தப்பு, மச்சான்.

முன்னால் இரண்டு பக்கத்துப் பல்லையும் ராவி, அவற்றின் மேல் நிற்கிற மாதிரி ஒரு பாலம் கட்டினார். பின்னால் கழற்றி மாட்டுகிற செட். நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, நீலம் அழுத்திப் பட்ட இடத்தை மட்டும் தேய்த்தார். ஃபிட்டிங் வேலையில் நீயும் நானும் இரும்பில் நீல மை தடவி மேடு எங்கே என்று பார்ப்போமே, அதே வேலை. "டாக்டர், நம்ம ரெண்டு பேரும் ஒரே டிரேடுங்க" என்றேன். வாயில் குழாய் இருந்ததால் அவருக்கு என்ன கேட்டதோ.

முதல் நாள் வீட்டில் 'சாந்தி' என்று கூப்பிட்டால் காற்றுதான் வந்தது. உன் அக்கா திரும்பிப் பார்த்தாள். "இந்த வயசுல விசிலடிச்சுக் கூப்பிடறீங்களா?" ஆனால் அன்று மதியம் தட்டில் கறியை அள்ளி வைத்தவளும் அவள்தான். மெல்ல மெல்ல ருசி வருகிறது, மச்சான். ஆட்டுக்கறிக்கு இவ்வளவு ருசி இருந்ததா?

பிறகு நாங்கள் மூவரும் சம்மந்தி வீட்டுக்குப் போனோம். தட்டில் அதே சேவு. ஒரு பிடி அள்ளி எல்லோருக்கும் கேட்கும்படி கடித்தேன். பல்லைக் காட்டி விஷயத்தையும் சொன்னேன். சம்மந்தி தன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏன் சம்மந்தி, இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல? நமக்கும் செட்டுதான். சேவ நான் காப்பில ஊறவச்சில்ல திம்பேன். எங்க வெளிய வந்துருமோன்னு நானும் வாயத் தொறக்கல."

பெண் பார்க்க நம் வீட்டுக்கு வந்தபோது அவரும் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. இரண்டு அப்பன்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம் பாரு, தொடையில் தட்டி, கண்ணில் தண்ணீர் வர. பவித்ரா தலையில் கை வைத்துக்கொண்டாள். அங்கேயே தாம்பூலம் மாற்றிவிட்டோம்.

கல்யாணத்தில் நீ போட வேண்டிய தாய்மாமன் மாலை முதலில் உன் படத்துக்கு வரும். அதை எடுத்துத்தான் பவித்ரா கழுத்தில் போடுவோம். இது நான் தரும் வாக்கு.

ஒன்றை மட்டும் அங்கே சொல்லவில்லை. நல்ல நாளில் உன் அக்கா அழுதுவிடுவாளே என்று விழுங்கிக்கொண்டேன். 'சம்மந்தி, நீங்க சிரிக்கறது என் மச்சான் சிரிக்கற மாதிரியே இருக்குங்க.'

உன் அக்கா புருஷன்,
மாமா