மூணாவது மாடிக்குக் காக்கா வரல

நைனாவுக்கு உன் மக தரணி கும்பிட்டு எழுதறது. திருப்பதியில ஆஸ்பத்திரி வேலை நல்லாதான் போய்க்கினு இருக்குது. உன் முட்டி வலி குறைஞ்சுதா? பிச்சாட்டூர்ல மழை உண்டா?

போன்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதறேன். ஆடி அமாவாசைக்கு அம்மா பேருல வெச்ச சோத்தைக் காக்கா எடுத்துச்சான்னு கேட்டியே. எடுத்துச்சுன்னு நான் சொன்னது பொய். நான் தங்கியிருக்கற இந்த மூணாவது மாடிக்குக் காக்காவே வரல. பசி தாங்காம நானே முதல்ல துன்னுட்டேன்.

அந்த உறுத்தல்ல ரெண்டு மாசமா தெனமும் ஜன்னல்ல சோறு வெச்சேன். காக்கா வரல, புறாதான் கூட்டமா வந்துச்சு.

நேத்து, இங்க கூட்டிப் பெருக்கற கங்கம்மா, மூக்கை முந்தானையால மூடி இருமிக்கினே புறா எச்சத்தை மண்டிபோட்டு சுரண்டிக்கினு இருந்தாங்க. நம்ம ஊர்ப்பக்கம் வரதய்யபாளையத்துக்காரங்க, உன் வயசு இருக்கும்.

"எந்தப் பாவி இதுங்களுக்குச் சோறு வெக்கறதுன்னு தெரியுமாம்மா?"ன்னு கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன். "நம்ம பக்கத்துப் பொண்ணு, நீ வெக்க மாட்டே"ன்னாங்க. நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு நைனா.

சோறு வெக்கறத நிறுத்திட்டேன். புறாங்க இன்னும் வந்து கண்ணாடியைக் கொத்துதுங்க. நம்ம பழைய தோசைக் கரண்டியை யார்கிட்டயாவது குடுத்தனுப்பு, மிச்சத்தை நான் சுரண்டறேன். கங்கம்மாகிட்ட உண்மையையும் சொல்லிடறேன்.

ட்யூட்டிக்கு நேரமாச்சு. மாளய அமாவாசைக்கு என் பங்கையும் சேத்து நீயே அங்க வெய்யி. காக்கா எடுத்ததும் போன் பண்ணு. அதுவரைக்கும் நான் துன்ன மாட்டேன், இந்தத் தடவ நெசமா.

தரணி