சகோதரி நகரத்துக்குப் பன்னிரண்டாவது ஆள்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையிலிருந்து குடிநீர் இணைப்பு விண்ணப்பங்கள். நாற்பத்தாறு அடித்து முடித்தேன். விசைப்பலகையில் 'ன' அழுந்தினால் எழுவதில்லை. இரண்டு முறை சொல்லிவிட்டேன், யார் காதிலும் ஏறவில்லை.

மதியம் செயலர் ஒரு அறிவிப்பைக் கொடுத்து உடனே அடிக்கச் சொன்னார். நம் நகராட்சியும் கடல் தாண்டி இருக்கும் அந்தத் துறைமுக ஊரும் நட்பு ஒப்பந்தம் போட்டுச் சகோதரி நகரங்களாகி ஏப்ரலோடு இருபத்தைந்து வருஷம். அதற்காக இங்கிருந்து பன்னிரண்டு பேர் ஒரு வாரம் போகிறார்கள். பதினொரு இடம் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் அதிகாரிகளுக்கும். பன்னிரண்டாவது இடம் ஊர்க்காரர்களில் ஒருவருக்கு, வினாடி வினா வைத்து. தலைப்பு, உலகின் சகோதரி நகரங்கள். நகராட்சி ஊழியர்களும் கலந்துகொள்ளலாம்.

கடைசி வரியை அடிக்கும்போது கை தானாக நின்றது.

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உலகப்படத்தப் பாத்தே பாதி ஆயுசு போச்சு, ஒரு தடவ நேர்லதான் போய்ப் பாரேன்" என்றார். கிண்டலா நிஜமா என்று பிடிபடவில்லை. இவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். தினமும் இருபது மாடி ஏறி இறங்குகிறார். எனக்கு அதுகூட இல்லை. நாற்பத்தேழு வயதுக்கு விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

பிப்ரவரி 6, வெள்ளி

பெயர் கொடுத்துவிட்டேன். தையல் அக்காவும் கொடுத்திருக்கிறார்.

அலுவலகத்துக்கு எதிரே மருந்துக்கடையை ஒட்டி அக்காவின் கடை. சகோதரி நகரம் ஆன புதிதில் இரண்டு ஊர் ஆட்களையும் கடித நண்பர்களாகச் சேர்த்துவிட்டார்கள். மற்றவர்கள் இரண்டு மூன்று கடிதத்தோடு ஓய்ந்துவிட்டார்கள். அக்கா மட்டும் இருபத்துமூன்று வருஷமாக எழுதுகிறார். அந்தப் பக்கம் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி. இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலத்தில், அகராதியை வைத்துக்கொண்டு. கணவன் செத்ததை, மகன் பேசாமல் போனதை எல்லாம் அக்கா முதலில் சொன்னது அவரிடம்தான். இதுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

மதியம் சேர்ந்தே படிக்கலாம் என்றார் அக்கா. நாம ரெண்டு பேரும் போட்டியாச்சேக்கா என்றேன்.

"அதனால என்ன? தனியா படிச்சா எனக்குத் தூக்கம்தான் வருது."

பிப்ரவரி 13, வெள்ளி

ஒரு வாரமாக மதியச் சாப்பாடு அக்கா கடையில்தான். அவர் மிஷினை மிதித்துக்கொண்டே கேட்கிறார், நான் டப்பாவைத் திறந்துகொண்டே சொல்கிறேன். பிறகு முறை மாறும்.

டோக்கியோவும் நியூயார்க்கும், 1960. லாஸ் ஏஞ்சலிஸின் முதல் சகோதரி நகோயா, 1959. ஸ்பெயினில் ஒரு டொலீடோ, அமெரிக்காவில் ஒரு டொலீடோ, பெயர் ஒன்றாக இருந்ததாலேயே உறவாகிவிட்டன. பாரிஸுக்கு ஒரே ஒரு சகோதரி நகரம்தான், ரோம். ரோமுக்கும் பாரிஸ் மட்டும்தான். "ரெண்டுக்கும் அவ்வளவு திமிரு" என்றார் அக்கா, ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு. ஒசாகாவும் சான் ஃபிரான்சிஸ்கோவும் அறுபது வருஷம் சகோதரிகளாக இருந்துவிட்டு, ஒரு சிலை விஷயத்தில் மனம் கசந்து, ஒசாகா உறவை முறித்துக்கொண்டதாம். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. அறுபது வருஷத்துக்கு அப்புறமா என்று இரண்டு தடவை கேட்டார்.

இத்தனை சிரித்து எத்தனை நாளாயிற்று.

பிப்ரவரி 20, வெள்ளி

முதல் சுற்று எழுத்துத் தேர்வு. நாற்பத்தொரு பேர் எழுதினோம். தேறியது நான்கு பேர்: ஒரு வங்கி அதிகாரி, ஒரு கல்லூரிப் பெண், அக்கா, நான். இறுதிச் சுற்று 28ஆம் தேதி, நகராட்சி மண்டபத்தில், மேடையில். முறை வைத்துக் கேட்பார்கள். அவரவர் கேள்விக்கு அவரவர் பதில்.

நான் போட்டியில் இருப்பதால் கேள்வித்தாள் அடிக்கும் வேலையைச் செயலர் வேறு பிரிவுக்குக் கொடுத்துவிட்டார். நியாயம்தான். அப்படித்தான் செய்யணும் என்று நானே அவரிடம் சொன்னேன்.

பிப்ரவரி 26, வியாழன்

நகல் இயந்திரத்தில் தாள் சிக்கிக்கொண்டது. எடுத்துவிட்டேன். கசங்கிய தாளைக் குப்பைக்கூடையில் போடப் போனபோது அதில் ஏற்கெனவே ஒரு தாள், பாதி கறுத்துப்போய். 'இறுதிச் சுற்று' என்று தலைப்பு. கீழே எட்டுக் கேள்வி, பக்கத்திலேயே பதில்.

நான் பார்க்காமல் திரும்பியிருக்கலாம். முதல் வரியோடு நிறுத்தியிருக்கலாம். கூடையிலிருந்து எடுத்து, மடிப்பை நீவி, கடைசி வரை படித்தேன். பிறகு நான்காகக் கிழித்துப் போட்டேன். ஏன் கிழித்தேன்? யாரும் பார்த்துவிடக் கூடாதென்றா? நான் பார்த்தது தெரியக் கூடாதென்றா?

எட்டில் ஆறு எனக்குத் தெரிந்ததுதான்.

பிப்ரவரி 27, வெள்ளி

பத்து வினாடி இருக்குமா? பத்து வினாடியில் யாரும் திருடி ஆகிவிடுவதில்லை.

மதியம் அக்கா கடைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

பிப்ரவரி 28, சனி

ஜெயித்துவிட்டேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. இவர் லீவு போட்டுவிட்டு முன்வரிசையில். மகள் தோழிகள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கடைசிச் சுற்றுக்கு வரும்போது வங்கி அதிகாரியும் கல்லூரிப் பெண்ணும் பின்தங்கிவிட்டார்கள். அக்காவும் நானும் சமம்.

அக்காவிடம் லாஸ் ஏஞ்சலிஸின் முதல் சகோதரி எது என்று கேட்டார்கள். எத்தனை தடவை சொல்லிப் பார்த்தது அது. ஒசாகா என்றார். சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அடுத்தது என் முறை. போர்க்காலத்தில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்துப் பெண்கள் தங்கள் பெயர்களை நூலால் தைத்து ஒரு மேஜைத் துணியை எந்த ஊருக்கு அனுப்பினார்கள்? 1944ல் அந்த ஊரோடுதான் கோவென்ட்ரி சகோதரி நகரமானது.

எட்டில் எனக்குத் தெரியாத இரண்டில் ஒன்று அது.

தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். நிஜமாகத்தான். மகள் கைகளைக் கோத்து நெஞ்சோடு வைத்திருந்தாள். ஸ்டாலின்கிராட் என்றது என் வாய். சந்தேகப்படுகிறவள் மாதிரி கொஞ்சம் இழுத்து வேறு சொன்னேன். அந்த இழுவையை நினைத்தால்தான் உடம்பெல்லாம் கூசுகிறது. பொய் சொன்னது போதாதென்று நடிக்கவும் செய்தேன்.

முதலில் கை தட்டியது அக்கா.

மார்ச் 1, ஞாயிறு

காலையில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார், கழுத்தில் இஞ்ச் டேப்போடு. அந்த ஊரில் ஏப்ரலிலும் குளிர் விடாதாம், கடிதத்தில் எழுதுவார்களாம். எனக்கு ஒரு கம்பளிக் கோட் தைக்கப் போகிறார். வேண்டாம் என்று எத்தனையோ சொன்னேன், கேட்கவில்லை. கூடத்தில் நிற்க வைத்துக் கையைத் தூக்கச் சொன்னார்.

அளவெடுத்துக்கொண்டே அந்த மேஜைத் துணியைப் பற்றிப் பேசினார். எண்ணூறு பெண்களுக்கு மேல் பெயரைத் தைத்தார்களாம். அவர்கள் ஊரும் குண்டில் சிதைந்த ஊர்தானாம். முகம் தெரியாத ஆளுக்காக எண்ணூறு பேர் ஊசி பிடிச்சிருக்காங்க பாரு என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு அந்தத் துணியைப் பற்றி ஊர்ப் பெயரைத் தவிர ஒன்றுமே தெரியாது.

பிறகு டேப்பைச் சுருட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தத் துணி விஷயத்த நான் வேணும்னேதான் உனக்குச் சொல்லல. ஒரு கேள்வியாவது என் கையில தனியா இருக்கட்டும்னு மறைச்சு வச்சேன். கூட உக்காந்து படிச்சுட்டு அப்படிப் பண்ணலாமா? நேத்துப் பூரா மனசு கேக்கல. கடைசில பாத்தா உனக்கும் தெரிஞ்சிருக்கு. என்னைத்தான் குத்தம் சொல்லணும்."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம்.

எங்கோ படித்தேன் என்றேன். பொய்யும் இல்லை பாரு.

மார்ச் 2, திங்கள்

அலுவலகத்தில் எல்லாருக்கும் இனிப்பு. நகல் இயந்திரம் பக்கமே போகவில்லை.

மார்ச் 5, வியாழன்

இவரிடம் சொல்லிவிட்டேன். ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அதுதான் நடக்கவில்லை. கேள்வித்தாளைக் குப்பையில் போட்டது அவங்க தப்பு, உனக்கு ஆறு பதில் தெரியும்தானே, யார்தான் செய்யல, விடு என்றார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "அந்த அக்காகிட்ட மட்டும் சொல்லித் தொலைக்காத" என்றார்.

விடு என்று யாராவது சொன்னால் போதும் என்றுதான் ஒரு வாரமாகக் காத்திருந்தேன். சொன்னாயிற்று. ஏன் விடவில்லை?

மார்ச் 8, ஞாயிறு

மகள் தன் கல்லூரியில் என்னைப் பேச அழைக்கிறார்களாம் என்று வந்து சொன்னாள். 'சொந்த முயற்சியில் முன்னேறிய பெண்.' காய்ச்சல் வரும் போலிருக்கிறது என்று போய்ப் படுத்துக்கொண்டேன். எத்தனை தலைவலி, எத்தனை காய்ச்சல்.

மார்ச் 10, செவ்வாய்

கோட்டைப் போட்டுப் பார்க்க வரச்சொல்லி அக்கா ஆள் அனுப்பினார். போனேன். சாம்பல் நிறக் கம்பளி, உள்ளே நீலத் துணி. கடைக்குள் நிற்க வைத்து, தோளிலும் இடுப்பிலும் குண்டூசி குத்திக்கொண்டே, ரொட்டிக்கடை அம்மா எழுதியதைச் சொன்னார். அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறதாம். இனி வரும் கடிதங்களைப் பக்கத்து வீட்டார்தான் படித்துக்காட்ட வேண்டுமாம். "நீ போய்ப் பேசுறப்போ மெதுவாப் பேசு. அவங்க என்னத் தொட்டுப் பாத்த மாதிரி ஆகும்" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

அக்கா, நான் படிச்சது புத்தகத்துல இல்ல, குப்பைக்கூடைல. கேள்வித்தாளு. பதிலோட இருந்துச்சு. எடுத்துப் படிச்சேன். இப்படித்தான் கொட்டினேன், ஒன்றுக்குப் பின் ஒன்று, மூச்சு விடாமல்.

அக்கா கையிலிருந்த குண்டூசியைப் பெட்டியில் வைத்தார். பிறகு என் தோளில் குத்தியிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்தார். ஒன்றுகூட உடம்பில் படவில்லை, அவ்வளவு கவனம். கோட்டைக் கழற்றி மடித்துப் பலகையில் வைத்தார். வாசலில் பள்ளிச் சீருடைக்காக ஒரு அம்மா வந்து நின்றார்.

"நீங்க கெளம்புங்க. வாடிக்கையாளர் நிக்கிறாங்க."

நீங்க. பதினாறு வருஷப் பழக்கத்தில் முதல் தடவை. கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

மார்ச் 11, புதன்

செயலரிடம் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். முழுதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார், ரொம்ப நேரம். விஷயம் வெளியே போனால் தலைவர் முதல் எல்லாருக்கும் அசிங்கம், உங்களுக்கு வேலைக்கே ஆபத்து என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உடம்பு சரியில்லன்னு எழுதிக் குடுங்க. கௌரவமா முடிஞ்சிரும். நானே பாத்துக்கறேன்" என்றார்.

அப்படி எழுதினால் அடுத்த ஆளை யார் முடிவு செய்வார்கள் என்று கேட்டேன். ஜெயித்தவர் உடம்பு முடியாமல் விலகினால் இடத்தை யாருக்குக் கொடுப்பதென்பது தலைவர் விருப்பமாம். தலைவரின் மைத்துனர் தனக்கு இடம் கிடைக்குமா என்று ஏற்கெனவே இரண்டு தடவை விசாரித்துவிட்டாராம்.

முடிவே செல்லாது என்றால்?

"அப்போ ரெண்டாவது வந்தவங்களுக்குத்தான். ஆனா காரணம் எழுதணும். கோப்புல நிரந்தரமா இருக்கும். யோசிச்சுக்குங்க. வெள்ளிக்கிழம பேரு அனுப்பணும்."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். 'உடல்நலக் குறைவு காரணமாக' என்று அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். ஒரு மணி நேரம் இதே வேலை. உண்மையை எழுதவே கூசுகிறது என்றால் செய்யும்போது எங்கே போயிருந்தது இந்தக் கூச்சம்?

மார்ச் 12, வியாழன்

எழுதிக் கொடுத்துவிட்டேன். நாலே வரி. 'இறுதிச் சுற்றின் கேள்விகளையும் பதில்களையும் முன்கூட்டியே படித்துவிட்டு மேடை ஏறினேன்' என்பது மூன்றாவது வரி. அதை அடித்தபோது 'ன' மூன்று இடத்தில் சிக்கியது. கையால் எழுதிச் சேர்த்தேன்.

மகளிடம் நானே சொன்னேன். "நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேம்மா" என்றாள். அவ்வளவுதான். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள். ஓங்கி அடித்திருந்தால் தேவலாம்.

மார்ச் 16, திங்கள்

அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் போனால் பேச்சு நிற்கிறது. என்னைக் குறைகேட்பு கவுன்ட்டருக்கு மாற்றிவிட்டார்கள். மூன்று வருஷத்துக்குச் சம்பள உயர்வும் கிடையாது. பதினெட்டு வருஷம் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே இருந்தவள், இனி எல்லார் கண்ணுக்கும் முன்னால்.

அக்கா முதலில் மறுத்துவிட்டாராம். இன்னொருத்தர் விட்டுப்போன இடம் எனக்கு எதுக்கு என்றாராம். செயலர் இரண்டு தடவை நடந்தார். இது யாரும் விட்டுக்கொடுத்ததில்லம்மா, உங்களோடதுதான் என்று சொன்ன பிறகு கையெழுத்துப் போட்டாராம். செயலரே இதைச் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஏப்ரல் 10, வெள்ளி

பன்னிரண்டு பேரும் இன்று கிளம்பினார்கள். வாசலில் வண்டி நின்றது. நான் கவுன்ட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று வந்தவரிடம் கம்பத்தின் எண்ணை மூன்று தடவை கேட்டேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

அறிவிப்புப் பலகையில் படங்கள் ஒட்டியிருக்கிறார்கள். தலைவர் மாலையோடு, தலைவர் மேடையில், தலைவர் கப்பலுக்கு முன்னால். ஓரத்தில் ஒரு சின்னப் படம். மாவு படிந்த மேலங்கியோடு குள்ளமாக ஒரு வயதான அம்மா, இரண்டு கையாலும் அக்காவின் முகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மூக்கோடு மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டத்தில். அக்கா கண்ணை மூடியிருக்கிறார்.

அந்தப் படத்தில் நான் நின்றிருப்பேன்.

ஆள் வரும் சத்தம் கேட்டு நகர்ந்துவிட்டேன்.

மே 12, செவ்வாய்

பதினொரு மணிக்கு வரிசையில் அக்கா. வேறு கவுன்ட்டர் கிடையாது, என்னிடம்தான் வந்தாக வேண்டும். கடைக்கு முன்னால் சாக்கடை அடைத்துக்கொண்டு நாலு நாளாகத் தண்ணீர் நிற்கிறதாம். கடை எண், தெரு, எந்த நாளிலிருந்து என்று முறைப்படி கேட்டேன். முறைப்படி சொன்னார். எனக்குத் தெரியாததா அந்தக் கடை எண்? அவரும் முழுசாகச் சொன்னார், நானும் முழுசாக எழுதினேன். பயணத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க எனக்கென்ன உரிமை.

ரசீதைக் கிழித்து நீட்டினேன். அக்கா கண்ணாடியை மாட்டி, நின்ற இடத்திலேயே முழுதும் படித்தார். பின்னால் ஆறு பேர் காத்திருந்தார்கள்.

"மருந்துக்கடைக்கு வலதுபுறம்னு போட்டிருக்கு. இடதுபுறம். சரியாப் பாத்து எழுது."

திருத்திக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

எழுது என்றார். எழுதுங்க என்று சொல்லவில்லை.